புரோக்கர் வீடு

சிரிக்காதீர்கள், அடையாளக் கார்டில் அப்படித்தான் இருக்கிறது.
தகப்பன் பெயரோடு ஒட்டிக்கொண்டு
மூன்று தலைமுறையாக வருகிறது: புரோக்கர்.

ப்ரொகர் என்றொருவன் டென்மார்க்கிலிருந்து
பதினோராம் ஆண்டு வந்தான்,
பாகான் டத்தோ சதுப்பை வடித்துத் தென்னை நட.
கிராணியார் காதில் விழுந்தபடி எழுதினார்.
வெள்ளைக்காரன் என்றால் இங்கிலீஷ்காரன்தான் தோட்டத்துக்கு.
அவன் மறுத்திருப்பான். யாருக்குக் கேட்டது.

சடைச்சி பொறையாற்றுக்காரி.
தரங்கம்பாடிக் கோட்டை மதிலில்
வறட்டி தட்டி வளர்ந்தவள்.
'உங்க ஆளுங்க கட்டின சுவருதான் துரை,
சாணி நல்லாப் பிடிக்கும்' என்று
அவனிடம் ஒருநாள் சொன்னதாக வைத்திருக்கிறேன்.
இது நான் சேர்த்தது.
பிரட்டுக்களத்தில் துரையோடு என்ன பேச்சு?
அவள் பெயருக்கு நேரே செக்ரோலில்
அரை நாள், முழு நாள், மழை, பிரசவம்.
சம்மதமா என்று கேட்கும் பத்தி
அந்தப் புத்தகத்தில் அச்சடிக்கவில்லை.

அந்த வருஷம் தோட்டத்தில் ஏழு துரைசாமிகள்.
ஆறு பேருக்கு அது வெறும் பெயர்.

கப்பலேறும்போது அவன் விட்டுச் சென்றது
நாற்பது வெள்ளி, ஒரு சினைப்பசு.
பசுவின் வம்சம் எனக்கு ஒப்பிக்கத் தெரியும்:
செவலை, செவலையின் கன்று சுட்டி,
சுட்டிக்கு இரட்டை, ஒன்று வாய்க்காலில் விழுந்தது.

தாத்தாவுக்குப் பூனைக்கண்.
சப்பான்காரன் அதைப் பார்த்துவிட்டுத்
தெலுக் அன்சன் லாக்கப்பில் போட்டான்.
ஒளிந்திருக்கும் வெள்ளையனாம்.
லயமே திரண்டு போய்ச் சாட்சி சொன்னது.
அதற்குள் தாத்தா வைத வசவில்
மொழிபெயர்க்க வந்த தமிழனே
'ஐயா, இவன் நம்மாள்தான்' என்றானாம்.
வெள்ளையனில்லை என்று ருசுவானது.
மறுவாரம் சயாம் ரயிலுக்கு ஏற்றினார்கள்.

திரும்பி வந்தார். அதற்குமேல் அதைப் பற்றி
ஒரு சொல் பேசவில்லை. கட்டை எரியும் வாசனை வந்தால்
எழுந்து வெளியே போவார்.

அப்பா சிங்காரவேலுவைத் தேடி ஆட்கள் வந்தார்கள்,
'புரோக்கர் வீடு இதுதானே, நிலம் இருக்கா?'
இல்லை இல்லை என்று ஐந்தாறு வருஷம் சொன்னார்.
தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
ஆமாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு சதவீதம்.
எங்கள் கல்வீடு, என் படிப்பு,
அம்மாவின் கல்லு மூக்குத்தி,
எல்லாம் கிராணியார் காது கொடுத்தது.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு.
லாரி உள்ளே, லாரி வெளியே,
கழித்தால் மிஞ்சுவது குலை.
போன மாசி மாதம், வேகாத வெயிலில்,
கையில் சுருட்டிய தாளோடு
கிர்ஸ்டன் என்றொருத்தி வந்து நின்றாள்.
தாளை என் மேசையில் விரித்தாள்.
பாதிரியார்கள், மாலுமிகள், ஒரு பல் டாக்டர்,
கிளைகிளையாகப் பிள்ளைகள்.
ப்ரொகரின் கீழே மட்டும் வெள்ளைத்தாள்.

அவளுக்குப் பூனைக்கண் இல்லை. கரும்பழுப்பு.
எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

பென்சில் எடுத்து எழுத்தைக் கேட்டாள்.
இங்கிலீஷில் சொன்னேன். தரகர் என்ற சொல் அல்லவா
என்று நிமிர்ந்தாள். ஆமாம் என்றேன்.
பிறகு சடைச்சியை எழுதச் சொன்னேன்.
அதை முதலில் எழுது, பெரிதாக எழுது.
'ட'வுக்கு அவள் நாக்கு மடங்கவில்லை.
நான்கு முறை சொல்லிப் பார்த்தாள்.
போதும், நெருங்கிவிட்டாய் என்றேன்.

வழியனுப்ப வெளியே வந்தோம்.
குடை விரிக்க அவள் நின்ற இடம் எடைமேடை.
பக்கத்தில் நானும்.
ஜன்னலுக்குள் சிவப்பு எண் துடித்து
நூற்றிருபதில் நின்றது.
யாருடையது எவ்வளவு என்று அந்த மேடை பிரிக்காது.
பின்னால் குலை லாரிக்காரன்
ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.